அயற்பாடசாலையும் நன்கொடைப் பாடசாலையும்
திருக்கோணமலைப் பெற்றோரின் தெரிவு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1. வினாவும் இடமும்

விசயதசமியன்று ஏடு தொடக்கிய பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்பியதும் பெற்றோர் முன் ஒரு வினா எழுகின்றது. வீட்டுக்கு அண்மையிலுள்ள பாடசாலையிற் சேர்ப்பதா, சிறிது தொலைவேயாயினும் பெயர்பெற்ற வேறொரு பாடசாலையிற் சேர்ப்பதா என்பதே அவ்வினா. சிறு வினாவாகத் தோன்றினும், அதற்குப் பெற்றோர் கூறும் விடையிலே பிள்ளையின் மொழியும், சமயமும், தொழிலும், ஒருகாற் குடும்பத்தின் போக்குமே அடங்கிவிடுகின்றன. இவ்வினாவுக்குத் தலைமுறைதோறும் வேறு வேறு விடை கூறிய ஊர்களுள் திருக்கோணமலையும் ஒன்று. ஆதலின் அவ்வூரின் கல்வி வரலாற்றை இந்நோக்கில் ஆராய்தல் பயனுடைத்து.

திருக்கோணமலைப் பட்டினம் கடலால் வளைக்கப்பட்ட ஒடுங்கிய நிலப்பகுதியில் அமைந்தது. கிழக்கே சுவாமிமலையும் அதனை அடக்கிநிற்கும் பிரெடெரிக் கோட்டையும், மேற்கே உள்துறைமுகம், தெற்கே கொட்டியாரக் குடா. பாடல் பெற்ற தலமாகிய கோணேசர் கோயில் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. கோட்டை 1795 இலே ஆங்கிலேயர் கைப்பட்டது. அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக இத்துறைமுகம் பிரித்தானியக் கடற்படையின் தளமாயிருந்து, 1957 இலே இலங்கை அரசாங்கத்திடம் ஒப்படைக்கப்பட்டது. கடற்படைத் தளத்தைச் சூழ்ந்து கச்சேரியும், சுங்கமும், கப்பற்பட்டறையும், களஞ்சியங்களும் இருந்தன. அவ்விடங்களிலெல்லாம் ஆங்கிலமே அலுவல் மொழி. நாலு வரி ஆங்கிலம் எழுதத் தெரிந்தவனுக்கு மாதச் சம்பளம்; தெரியாதவனுக்கு நாட்கூலி. பாடசாலையைத் தெரிந்தெடுக்கும் தந்தையின் கண்முன்னே இவ்வேறுபாடு எந்நாளும் நின்றது.

2. நன்கொடை முறையின் தோற்றம்

இலங்கையில் அரசாங்கம் கல்வியை ஒரு பொதுக் கடமையாக ஏற்கத் தொடங்கியது கோல்புறூக் விசாரணையின் பின்னரேயாம். 1834 இலே பாடசாலை ஆணைக்குழுவொன்று நிறுவப்பட்டது. 1841 இலே அதனிடத்தை மத்திய பாடசாலை ஆணைக்குழு பெற்றது. ஆயினும் அரசாங்கம் தானாக நடத்திய பாடசாலைகள் சிலவே. நாடெங்கும் பாடசாலை அமைக்கும் வேலையை அதற்கு முன்னரே கிறித்தவ மிஷனரிமார் மேற்கொண்டிருந்தனர். 1814 இலே ஈழம் வந்த வெசுலியன் மெதடிஸ்த மிஷனார் யாழ்ப்பாணத்திலும், மட்டக்களப்பிலும், பின்னர்த் திருக்கோணமலையிலும் பாடசாலைகளைத் திறந்தனர். கத்தோலிக்கக் குருமாரும் கன்னியரும் அதே பணியைச் செய்தனர். 1893 இலே திருக்கோணமலை தனி மறைமாவட்டமாயிற்று. அதன் பொறுப்பைப் பிரான்சு நாட்டிலிருந்து வந்த இயேசு சபையார் ஏற்ற பின்னர் அச்சமயத்தாரின் கல்விப்பணி மேலும் வலுப்பெற்றது.

1867 இலே வெளிவந்த மோகன் குழுவின் அறிக்கையே பிற்காலக் கல்விமுறைக்கு அடிப்படையாயிற்று. அதன் பயனாக 1869 இலே வித்தியாபகுதி உருவாயிற்று. உதவி நன்கொடை முறையும் ஒழுங்குபடுத்தப்பட்டது. அம்முறையின் சாரம் இதுவாகும்: பாடசாலையைத் தாபித்து நடத்துபவர் தனியார் அல்லது ஒரு சமயச் சங்கத்தார், பாடத்திட்டத்தை வகுத்துப் பரிசோதகரை அனுப்புவது அரசாங்கம், செலவில் ஒரு பகுதியைக் கொடுப்பதும் அரசாங்கமே. தொடக்கத்தில் நன்கொடை, பெறுபேற்றின்படி கொடுக்கப்பட்டது. பரிசோதகர் ஆண்டுக்கு ஒருமுறை வந்து வாசிப்பு, எழுத்து, எண் ஆகியவற்றிற் பிள்ளைகளைச் சோதிப்பார். தேறிய பிள்ளைகளின் தொகைக்கேற்பப் பணம் வரும். பிற்காலத்தில் இம்முறை மாறி, ஆசிரியரின் சம்பளத்தையே அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. எனினும் ஆசிரியரை நியமிப்பதும், மாற்றுவதும், விலக்குவதும் முகாமையாளரின் கையிலேயே இருந்தன.

பொதுப்பணமும் தனி முகாமையும் கலந்த இவ்வமைப்பு ஈழத்துக்கே உரியதன்று. இங்கிலாந்திலே 1870 ஆம் ஆண்டுச் சட்டம் திருச்சபைப் பாடசாலைகளை நீக்காது, அவை இல்லாத இடங்களிற் பொதுப் பாடசாலைகளை அமைத்தது. 1902 ஆம் ஆண்டுச் சட்டம் அத்திருச்சபைப் பாடசாலைகளுக்கும் உள்ளூர் வரிப்பணத்தைக் கொடுத்தது. சென்னை மாகாணத்திலும் 1854 ஆம் ஆண்டின் உவூட் அறிக்கையின் பின்னர் நன்கொடை முறை பரவிற்று. இக்காலத்திலே அமெரிக்காவில் ‘சாசனப் பாடசாலை’ என வழங்கும் அமைப்பும் இதனோடு உறவுடையது. மின்னசோற்றா மாநிலம் 1991 இலே அதற்கான முதற் சட்டத்தை இயற்றியது. அங்கும் பணம் பொதுப்பணம். நடத்துபவர் அரசாங்கத்தோடு உடன்படிக்கை செய்துகொண்ட தனிக்குழுவினர். ஆயினும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. சாசனப் பாடசாலை கட்டணம் அறவிடலாகாது; சமயம் போதிக்கலாகாது; இடத்துக்கு மேலாகப் பிள்ளைகள் வந்தாற் சீட்டுக் குலுக்கிச் சேர்த்தல் வேண்டும். ஈழத்து நன்கொடைப் பாடசாலைக்கோ சமயமே உயிர். அதனைத் தாபித்தோர் தாபித்த நோக்கமும் அதுவே. திருக்கோணமலைப் பெற்றோரின் இக்கட்டு இங்கேதான் தொடங்கியது.

3. சைவப் பெற்றோரின் இக்கட்டு

தாய்மொழிப் பாடசாலைகளிற் கட்டணம் இல்லை. ஆங்கிலப் பாடசாலைகளிற் கட்டணம் உண்டு. ஆங்கிலப் பாடசாலைகளுட் பெரும்பாலன மிஷன்களின் வசத்தில் இருந்தன. எனவே துறைமுகப் பட்டினத்துச் சைவத் தந்தை ஒருவனுக்கு இருந்த தெரிவு இருவகை நல்ல பாடசாலைகளுக்கு இடைப்பட்ட தெரிவன்று. பிள்ளையைத் தமிழ்ப் பாடசாலைக்கு அனுப்பினாற் சமயம் காக்கப்படலாம், உத்தியோகம் இல்லை. ஆங்கிலப் பாடசாலைக்கு அனுப்பினால் உத்தியோகம் கிடைக்கலாம், ஆயிற் காலைதோறும் பிள்ளை வேற்றுச் சமயச் செபத்திற் கைகூப்பி நிற்பான். இரண்டில் ஒன்றை விட்டுத்தான் மற்றொன்றைப் பெறவேண்டியிருந்தது.

இதற்கு மாற்றாகச் சட்டத்திலே மனச்சான்று விதி என ஒன்று இருந்தது. பிள்ளையைச் சமய பாடத்தினின்றும் நீக்கிவைக்கும்படி பெற்றோர் கேட்கலாம் என்பது அதன் கருத்து. 1906, 1907 ஆம் ஆண்டுகளிற் பட்டினப் பாடசாலைகளுக்கும் கிராமப் பாடசாலைகளுக்கும் இயற்றப்பட்ட கட்டளைச் சட்டங்களிலும் இவ்விதி இடம்பெற்றது. ஏட்டளவில் இது நல்ல பாதுகாப்பே. ஆயின் வகுப்பேற்றமும், நற்சான்றுப் பத்திரமும், பின்னர் உத்தியோகத்துக்கான பரிந்துரையும் எவர் கையில் உள்ளனவோ அவரிடமே சென்று, ‘உங்கள் சமயபாடம் எங்கள் பிள்ளைக்கு வேண்டாம்’ என்று சொல்லும் துணிவு எத்தனை ஏழைப் பெற்றோருக்கு இருந்திருக்கும்? கேட்டுப் பெறவேண்டிய உரிமை, கேட்க அஞ்சுவோனுக்குப் பயன்படுவதில்லை.

இவ்விடத்து மிஷனரிமாரின் பணியையும் நடுநிலை பிறழாது மதித்தல் வேண்டும். பெண்பிள்ளைகளுக்குக் கல்வி எதற்கு என்று பெற்றோரே கேட்ட காலத்திற் பெண்பாடசாலை அமைத்தவர் அவர். அச்சுப்பொறியும், தேசப்படமும், கணக்கியலும், ஒழுங்கான நேரசூசியும் அவர் கொணர்ந்தவை. சாதி கருதி விலக்கப்பட்ட பிள்ளைகள் பலருக்கு எழுத்தறிவின் வாயிலைத் திறந்தவரும் அவரே. சைவத் தலைவர்களே மிஷன் பாடசாலைகளிற் கற்று, அங்குக் கற்ற முறைகளைக் கொண்டே சைவப் பாடசாலைகளை அமைத்தனர். ஆறுமுக நாவலர் இதற்குச் சிறந்த சான்று. யாழ்ப்பாணத்து வெசுலியன் பாடசாலையிற் கற்றும் கற்பித்தும் வந்த அவர், 1848 இலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். அதற்கு அரசாங்க நன்கொடை கிடைத்தது 1870 இலேயே. இருபத்திரண்டு ஆண்டுகள் அப்பாடசாலை அரசாங்க உதவியின்றி நின்றது என்பதே, அக்காலத்தில் நன்கொடை எவருக்கு எளிதாகவும் எவருக்கு அரிதாகவும் இருந்தது என்பதை உணர்த்தும்.

நன்கொடை கேட்டோருக்கு வேறொரு தடையும் இருந்தது. 1891 ஆம் ஆண்டளவில் வித்தியாபகுதி வகுத்த கால் மைல் விதியே அது. ஏற்கெனவே உள்ள ஒரு பாடசாலைக்குக் கால் மைலுக்குள் அதே வகையான புதிய பாடசாலை எழுந்தால், சில விலக்குகள் ஒழிய, அதற்கு நன்கொடை இல்லை. பணத்தை வீணாக்காதிருத்தலே விதியின் நோக்கம் எனப்பட்டது. அது நியாயமான நோக்கமே. ஆயின் முந்தி வந்தவர் நல்ல இடங்களைப் பிடித்துவிட்ட பின்னர் வந்த விதி அது. கடலும் கோட்டையும் துறைமுகமும் நெருக்கிநிற்கும் திருக்கோணமலை போன்ற ஓர் ஒடுங்கிய பட்டினத்திற் கால் மைல் என்பது சிறிய தொலைவன்று. குடிகள் செறிந்த தெருக்களில் எங்கு நோக்கினும் ஒரு பழைய பாடசாலையின் எல்லை வந்து குறுக்கிடும். பௌத்தரும் சைவரும் இவ்விதியை ஒருங்கே எதிர்த்தமைக்குக் காரணம் இதுவேயாம்.

4. மூன்றாம் வழி

தடைகள் இருந்தும் சைவர் வாளாவிருந்தாரல்லர். யாழ்ப்பாணத்தில் 1888 இலே சைவபரிபாலன சபை தோன்றியது. அதன் முயற்சியால் இந்துக் கல்லூரி வளர்ந்தது. திருக்கோணமலையில் 1897 இலே இந்து ஆண்பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலை உருவாயிற்று. அதுவே இன்று ஸ்ரீ கோணேஸ்வர இந்துக் கல்லூரியாக விளங்குவது. பெண்பிள்ளைகளுக்கான முயற்சி சற்றுப் பிந்தியது. 1923 இலே தங்கம்மா சண்முகம்பிள்ளை அம்மையார் தொடங்கிய பாடசாலையே ஸ்ரீ சண்முக இந்து மகளிர் கல்லூரி. அதே 1923 இலே யாழ்ப்பாணத்தில் இந்துபோட் இராசரத்தினம் அவர்களின் முயற்சியாற் சைவவித்தியா விருத்திச் சங்கம் நிறுவப்பட்டு, மிஷன் பாடசாலையன்றி வேறு பாடசாலை இல்லாத ஊர்களிற் சைவப் பாடசாலைகளை அமைக்கத் தொடங்கியது என்பதும் ஈண்டு நினைத்தற்குரியது.

பாடசாலை தொடங்குதல் எளிது, நிலைநிறுத்துதல் அரிது. நன்கொடை முறையில் முகாமையாளராய் இருப்பவருக்குக் கைப்பணமும், வித்தியாபகுதியோடு எழுத்துப் போக்குவரத்து நடத்தும் திறமையும், ஆசிரியரைத் தேடிச் சேர்க்கும் ஆற்றலும் வேண்டும். ஊர்ச்சபையொன்றுக்கு இவை யாவும் ஒருங்கே வாய்ப்பது அரிது. இக்குறையைக் கீழ்மாகாணத்தில் நிறைவுசெய்தது இராமகிருஷ்ண சங்கம். காரைதீவிற் பிறந்து, இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயிருந்த மயில்வாகனனார் 1924 இலே சென்னையில் துறவு பூண்டு விபுலானந்தர் ஆனார். ஈழம் மீண்ட அவர் கிழக்கிலங்கையிற் சங்கத்தின் கல்விப்பணியை வளர்த்தார். மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயம் எழுந்ததும், திருக்கோணமலை இந்துக் கல்லூரி சங்கத்தின் முகாமையில் வளர்ந்ததும் அப்பணியின் விளைவுகளே. அடிகள் திருக்கோணமலையில் அதிபராகவும் சில காலம் பணியாற்றினார்.

இதனாற் பெற்றோருக்குக் கிடைத்தது யாது? ஆங்கிலமும் விஞ்ஞானமும் வேண்டுமானாற் சமயத்தை வாயிலில் விட்டுச் செல்லவேண்டும் என்ற நிலை மாறியது. திருநீறு பூசிய நெற்றியோடு பிள்ளை வகுப்பறையில் இருந்து ஆங்கிலம் கற்கலாம் என்ற நிலை வந்தது. பட்டினத்துத் தந்தைக்கு முதன்முறையாக ஒன்றை விடாமலே மற்றொன்றைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. நன்கொடை முறையின் நற்பயன் யாதென வினவுவார்க்கு இதனைக் காட்டலாம். அரசாங்கத்தின் கையை எதிர்பாராது, ஒரு சமூகம் தன் குறையைத் தானே உணர்ந்து, தான் விரும்பிய பாடசாலையைத் தானே கட்டிக்கொள்ள அம்முறை இடங்கொடுத்தது.

5. துறைக்கு அப்பால்

ஆயின் பட்டினத்தை மாத்திரம் நோக்கி முடிவு கூறுதல் முறையன்று. 1946 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி திருக்கோணமலை மாவட்டத்தில் ஏறத்தாழ 76,000 மக்கள் வாழ்ந்தனர். அவர்களிற் பெரும்பகுதியினர் பட்டினத்துக்கு வெளியே தம்பலகாமத்து வயல்வெளியிலும், நிலாவெளிக் கரையிலும், கிண்ணியாவிலும், கொட்டியாரக் குடாவுக்கு அப்பாலுள்ள மூதூர், சம்பூர் முதலாய ஊர்களிலும் வாழ்ந்தனர். மூதூரிலிருந்து பட்டினத்துக்கு வரக் கடல் கடத்தல் வேண்டும். தரைவழியே வந்தாலும் துறைக்குத் துறை பாதையேறி ஆறுகளைத் தாண்டல் வேண்டும். கிண்ணியாத் துறைக்குப் பாலம் திறக்கப்பட்டது 2009 இலேயே என்றால், முன்னைய நிலை எத்தகையதென எவரும் ஊகிக்கலாம்.

அவ்வூர்ப் பெற்றோருக்குத் தெரிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஊரில் ஒரு பாடசாலை இருந்தால் அதுவே பாடசாலை. அது மிஷன் பாடசாலையாயிருந்தாலும், அரசினர் பாடசாலையாயிருந்தாலும், ஓலைக்கொட்டிலில் ஓராசிரியர் நடத்துவதாயிருந்தாலும் அதனையே ஏற்கவேண்டும். அதுவும் இல்லையேல் பிள்ளை மாடு மேய்க்கும், அல்லது தோணியேறும். முசிலிம் ஊர்களில் நிலைமை இதனிலும் கடினம். சமயத்தைக் காக்க விரும்பி மிஷன் பாடசாலையை விலக்கிய குடும்பங்கள், தம் சமூகத்துக்கென ஆங்கிலப் பாடசாலை தோன்றும்வரை ஆங்கிலத்தையே இழந்து நின்றன. சமூகத்தில் பணமும் படிப்பும் உடையார் இருந்த இடத்தில் நன்கொடைப் பாடசாலை எழுந்தது. இல்லாத இடத்தில் எழவில்லை. அரசாங்கம் கேட்போருக்குக் கொடுத்தது. கேட்கத் தெரியாத ஊரை நாடிச் செல்லவில்லை.

இக்குறையைத் தீர்க்க முயன்றதே இலவசக் கல்வித் திட்டம். டொனமூர் அரசியற்றிட்டத்தின் கீழ் 1931 முதல் 1947 வரை கல்வி மந்திரியாயிருந்த கன்னங்கரா அவர்கள் தலைமையிலே அமைந்த விசேட குழு 1943 இல் அறிக்கை சமர்ப்பித்தது. 1945 ஐப்பசி முதலாந் தேதி தொடக்கம் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஆரம்ப வகுப்புகளிலே தாய்மொழி போதனாமொழியாயிற்று. மத்திய பாடசாலைகள் நாட்டுப்புறங்களில் எழுந்தன. புலமைப்பரிசில் பெற்ற ஏழைப்பிள்ளை விடுதியில் தங்கிக் கற்க வழி பிறந்தது. வறிய பெற்றோருக்குக் கட்டணம் என்னும் மதில் இடிந்தது.

6. பாடசாலைகளே தெரிந்தெடுக்கவேண்டிய நாள்

இலவசக் கல்வி வந்ததும் தெரிவு செய்யவேண்டிய பொறுப்பு, பெற்றோரிடமிருந்து பாடசாலைகளுக்கு மாறிற்று. கட்டணம் அறவிட்டுவந்த நன்கொடைப் பாடசாலைகள் கட்டணத்தைக் கைவிட்டு அரசாங்கத்தின் உதவியைப் பெறுவதா, உதவியைக் கைவிட்டுக் கட்டணத்தோடு தனித்து நிற்பதா என முடிவு செய்யும்படி கேட்கப்பட்டன. சில ஆண்டுத் தவணைக்கும் விவாதத்துக்கும் பின்னர் 1951 இலே இவ்வொழுங்கு நிலைபெற்றது. பெரும்பாலான பாடசாலைகள் இலவசத் திட்டத்திற் சேர்ந்தன. சமயம் அவற்றினுடையதாகவே இருந்தது, சம்பளம் அரசாங்கத்தினுடையதாயிற்று. முழுச் செலவையும் பொதுப்பணத்தால் தாங்கும் பாடசாலையைத் தனியார் ஏன் நடத்தவேண்டும் என்ற வினா அன்றே கருக்கொண்டது.

அவ்வினாவுக்கு 1960 இல் விடை வந்தது. அவ்வாண்டு ஆடி மாதத் தேர்தலில் வென்ற சிறிமாவோ பண்டாரநாயக்க அம்மையாரின் அரசாங்கம் 1960 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தை நிறைவேற்றி, அவ்வாண்டு மார்கழி தொடக்கம் நன்கொடைப் பாடசாலைகளின் முகாமையை வித்தியாதிபதியிடம் ஒப்படைத்தது. 1961 ஆம் ஆண்டின் 8 ஆம் இலக்கச் சட்டம் நிலத்தையும் கட்டிடத்தையும் அரசுடைமையாக்கியது. நாடெங்கும் ஏறத்தாழ 2,500 பாடசாலைகள் இவ்வாறு கைமாறின. பெரிய பாடசாலைகள் விரும்பினாற் கட்டணமும் உதவியும் இன்றித் தனித்து நிற்கலாம் என்று விலக்களிக்கப்பட்டது. அவ்வழியைத் தேர்ந்தெடுத்தவை மிகச் சிலவே. கத்தோலிக்கப் பெற்றோர் பல ஊர்களிற் பாடசாலைகளுக்குள்ளேயே புகுந்திருந்து எதிர்ப்புக் காட்டினர். பம்பாயிலிருந்து கருதினால் வலேரியன் கிராசியஸ் வந்து சமரசம் பேசிய பின்னரே அவ்வெதிர்ப்புத் தணிந்தது. அதற்குச் சற்று முன்னர்க் கேரளத்திலே 1957 ஆம் ஆண்டுக் கல்வி மசோதா பெருங்கிளர்ச்சியை எழுப்பி, 1959 இலே அம்மாநில அரசாங்கம் நீக்கப்படுவதற்கு ஒரு காரணமாயிற்று. பாடசாலை முகாமை என்பது எத்துணை ஆழமான உணர்ச்சிகளோடு பிணைந்தது என்பதற்கு இவ்விரு நிகழ்ச்சிகளும் சான்று பகரும்.

திருக்கோணமலைச் சைவர்களின் நிலை சிக்கலானது. மிஷன் பாடசாலைகள் அரசாங்கத்தின் வசமாதலைச் சைவர் எளிதில் எதிர்க்கவியலாது. மனச்சான்று விதிக்காகவும் கால் மைல் விதிக்கெதிராகவும் அவர் முன்னர் எழுப்பிய குரலின் முடிவு அதுவே எனலாம். ஆனால் அதே சட்டம் இராமகிருஷ்ண சங்கம் நடத்திய பாடசாலைகளையும், சைவச் சபைகள் நடத்திய பாடசாலைகளையும் ஒருசேரக் கொண்டுசென்றது. மேலும் 1956 இலே சிங்களம் மட்டும் அரசகரும மொழியாக்கப்பட்டிருந்தது. 1958 இலே கலவரமும் நிகழ்ந்திருந்தது. தம் மொழியைப் புறக்கணித்த அரசின் கையிலே தம் பிள்ளைகளின் கல்வி முழுவதையும் ஒப்படைக்கத் தமிழர் தயங்கியது இயல்பே. கடற்படைத் தளம் நீங்கியதனால் தொழில் குறைந்திருந்த பட்டினத்தில், ஆசிரியர் நியமனம் கொழும்பிலிருந்து வரும் என்பது மேலும் ஒரு கவலையாயிற்று.

இரு பக்கத்து நியாயங்களையும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். முகாமையாளரின் தயவில் வாழ்ந்த ஆசிரியர், சட்டத்தின் பின்னர் அரசாங்க ஊழியராகிப் பாதுகாப்புப் பெற்றார். பிள்ளை எந்தச் சமயத்தவனாயினும் தன் சமயத்தையே பாடசாலையிற் கற்கும் உரிமையைக் கேளாமலே பெற்றான். இவை நன்மைகள். பாடசாலையின் கூரை ஒழுகினால் ஊர்ச்சபை கூடிக் கிடுகு கொணர்ந்த வழக்கம் மறைந்து, கந்தோருக்கு மனு எழுதும் வழக்கம் வந்தது. தம் பொருளென்று காத்தவர் விலகினர். இது தீமை. கோணேஸ்வர இந்துக் கல்லூரியின் பெயருக்கு முன்னே இ. கி. ச. என்னும் மூன்று எழுத்துக்கள் இன்றும் நிற்கின்றன. நடத்தும் உரிமை நீங்கிய பின்னரும் நன்றியுணர்வு நீங்கவில்லை என்பதற்கு அவ்வெழுத்துக்களே அடையாளம்.

7. தெரிவு மீண்ட விதம்

சட்டத்தாற் பாடசாலைகள் யாவும் ஒன்றாயின. ஆயினும் பெற்றோர் மனத்தில் அவை ஒன்றாகவில்லை. முன்னர் நன்கொடை பெற்று வளர்ந்த பட்டினப் பாடசாலைகளுக்குக் கட்டிடமும், ஆய்வுகூடமும், நூல்நிலையமும், பழைய மாணவர் சங்கமும் இருந்தன. அரசினர் கிராமப் பாடசாலைக்கு அவை இல்லை. ஒரே அரசாங்கத்தின் ஒரே பெயர்ப்பலகையின் கீழே பழைய ஏற்றத்தாழ்வு அப்படியே தொடர்ந்தது. எனவே பெற்றோர் அயற்பாடசாலையைக் கடந்து பெயர்பெற்ற பாடசாலையை நாடினர். முதலாம் வகுப்பிற் சேர்ப்பதற்கு வதிவிடம், பழைய மாணவரின் பிள்ளை, உடன்பிறந்தோர் எனப் பிரிவுகள் வகுக்கப்பட்டன. முற்காலத்திற் கால் மைல் என்பது பாடசாலைக்கும் பாடசாலைக்கும் இடைப்பட்ட அளவு. பிற்காலத்தில் வீட்டுக்கும் பாடசாலைக்கும் இடைப்பட்ட தூரமே பிள்ளையின் உரிமையை அளக்கும் கோலாயிற்று. தந்தையோ தாயோ கற்ற பாடசாலையில் மகனுக்கு இடம் உண்டு. கற்க வாய்ப்பில்லாத தந்தையின் மகனுக்கு அவ்வழி அடைபட்டது. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சையோ, ஏழைப் பிள்ளைக்கு வாயில் திறக்க வந்தது, பத்து வயதுப் பிள்ளைகளின் பெரும்போட்டியாக மாறியது.

1961 ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து வயது முதல் பதினான்கு வயது வரையான பிள்ளைகளுக்குத் தனியார் புதிய பாடசாலை அமைத்தலையும் தடுத்தது. ஆயினும் 1978 இன் பின்னர்க் கம்பெனிச் சட்டத்தின் கீழே சர்வதேசப் பாடசாலைகள் எனும் பெயரில் ஆங்கிலமொழிக் கட்டணப் பாடசாலைகள் தோன்றின. கட்டணமும் ஆங்கிலமும் ஒன்றாய் நின்ற பழைய நிலை புதிய உருவில் மீண்டது. 1987 இன் பதின்மூன்றாந் திருத்தத்தின் பின்னர் அரசினர் பாடசாலைகளுக்குள்ளேயே தேசியப் பாடசாலை, மாகாணப் பாடசாலை என்னும் வேறுபாடும் எழுந்தது.

இதற்கிடையே போர்க்காலத்தைத் திருக்கோணமலை மறத்தல் இயலாது. 1983 முதல் 2009 வரை நீடித்த அவ்விடர்க்காலத்தில் மக்கள் பலமுறை இடம்பெயர்ந்தனர். அப்போது அகதிகளுக்குப் புகலிடமாயிருந்தவை அருகிலிருந்த பாடசாலைகளே. 2004 மார்கழி 26 ஆந் திகதி கடற்கோளின் பின்னரும் அவ்வாறே. பெயர்பெற்ற பாடசாலைக்கும் பெயரில்லாத பாடசாலைக்கும் அந்நாட்களில் வேறுபாடு தோன்றவில்லை. எது அருகிலிருந்ததோ அதுவே வீடாயிற்று. அயற்பாடசாலை என்பது பாடம் சொல்லும் இடம் மாத்திரமன்று, ஊரின் பொதுத்திண்ணையுமாகும் என்பதை அனுபவம் அவ்வாறு உணர்த்திற்று.

8. முடிவு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று உண்மைகள் புலப்படும். நன்கொடை முறை தெரிவைக் கொடுத்தது; ஆயினும் பொருளும் அமைப்பும் உடைய சமூகத்துக்கே கொடுத்தது. அரசுடைமை முறை உரிமையைப் பொதுவாக்கியது. ஆயினும் பாடசாலைகளின் தரத்தைச் சமமாக்கவில்லை. தரம் சமமாகாதவரை, எத்தகைய சட்டம் வரினும் பெற்றோர் நல்ல பாடசாலையைத் தேடி ஓடுவதை நிறுத்தமாட்டார். ஓட வலியற்றவனின் பிள்ளை பின்தங்குவதும் நில்லாது.

பிள்ளையைத் தூரத்துப் பாடசாலைக்கு அனுப்பும் தந்தையைக் குறை கூறுதல் எளிது. ஆனால் அவன் தன் பிள்ளைக்குச் செய்யக்கூடியதைச் செய்கின்றான். அவனும் அவனையொத்த வலியுடைய பெற்றோரும் போய்விட்டபின், அயற்பாடசாலையில் எஞ்சுவோர் கேட்கத் தெரியாதவர், அல்லது கேட்டாலும் செவிசாய்க்கப்படாதவர். பிள்ளைகளின் தொகை குறையும். தொகை குறைய ஆசிரியர் குறைவர். ஆசிரியர் குறையப் பிள்ளைகள் மேலும் குறைவர். ஒவ்வொரு தந்தையும் தனித்தனி செய்யும் நியாயமான தெரிவு, எல்லாம் சேர்ந்து ஊருக்கு நியாயமற்ற முடிவாகின்றது. இதுவே இவ்வரலாறு காட்டும் உண்மையான இக்கட்டு.

1897 இலும் 1923 இலும் திருக்கோணமலையார் செய்தது, இருக்கும் இரண்டனுள் ஒன்றைத் தெரிந்தெடுத்தலன்று. இல்லாத ஒன்றை உண்டாக்குதலாம். ‘எங்கே சேர்ப்பது’ என்ற வினாவோடு அவர் நின்றுவிடவில்லை. ‘இங்கே என்ன அமைப்பது’ என்று கேட்டனர். இன்று புதிய பாடசாலை அமைக்கச் சட்டம் இடங்கொடாது, தேவையுமில்லை. பாடசாலைகள் ஊர்தோறும் நிற்கின்றன. அன்று கிடுகும் கைம்மரமும் கொணர்ந்த கைகளின் வழிவந்தோர், பெயர்பெற்ற கல்லூரிகளின் பழைய மாணவராய் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் உளர். தாம் கற்ற கல்லூரிக்குக் கொடுப்பதில் ஒரு பங்கைத் தாம் பிறந்த தெருவின் சிறு பாடசாலைக்கும் அவர் கொடுப்பாராயின், தெரிவு என்னும் சொல்லுக்குப் பொருள் உண்டாகும். இரண்டு பாடசாலைகளும் நல்லனவாயிருக்கும் ஊரிலேதான் தந்தை ஒருவன் அச்சமின்றித் தெரிந்தெடுக்க முடியும். அந்நாளில் ஏடு தொடக்கிய பிள்ளை தன் வீட்டு வாயிலிலிருந்தே பாடசாலை மணியோசையைக் கேட்டு நடந்து செல்வான்.